ரேகை தேய்ந்த கட்டைவிரல்

கைநாட்டு வைத்தே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்ட தலைமுறை அது. வாங்கிக்கொள்ள வேண்டிய வயதில், விரல் விழமாட்டேன் என்கிறது.

“லேசா அழுத்துங்க அப்பத்தா… எடுங்க. திருப்பி வைங்க.”

ரேஷன் கடை வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாமாயில் பாக்கெட்டுகளும் துவரம்பருப்பு மூட்டையும் அடுக்கியிருந்த மேசையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மெஷின். அதன் கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்து எரிந்து அணைந்தது. அப்பத்தா கட்டைவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். விழவில்லை. தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தார். விழவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு இடது கை. பத்து விரலும் முடிந்தன.

கார்டில் பெயர் உள்ள எல்லோரும் ஒரு தடவை ரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வைக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று ஊருக்குள் பேச்சு. பின்னால் நின்ற பெரியப்பா பேத்தி, நர்ஸிங் படிக்கிறவள், போகிற போக்கில் விரலை வைத்தாள். ‘டிங்’ என்றது.

“உங்களுக்கு ரேகையே இல்லையே அப்பத்தா, எங்க போச்சு?” என்றார் சேல்ஸ்மேன், சிரித்துக்கொண்டே.

“புளியோட புளியா கரைஞ்சு போயிருக்கும். எம்புட்டு வருசமாக் கரைக்கிறேன்!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று புரிந்தது. கட்டைவிரல் நுனி, ஆற்றுக்கூழாங்கல் போல வழுவழு என்றிருந்தது.

ஜனவரி ஒன்றில் பிறந்தவர்

சிவகங்கை மாவட்டத்தில் வைகையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆதார் அட்டைப்படி அப்பத்தா பிறந்தது 1941 ஜனவரி 1. எங்கள் தெருவில் அதே தேதியில் பிறந்த கிழவிகள் இன்னும் சிலர் உண்டு. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்த நாள் அது. அப்பத்தாவின் சொந்தக் காலண்டர் வேறு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 டிசம்பர் புயலின்போது மூத்தவர் பால்குடி. அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிக்கொள்வார்.

கல்யாணம் 1957-ல், பதினாறு வயதில். அன்றைய சட்டப்படி அது குழந்தைத் திருமணம் அல்ல. 1929-ன் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது. 1949-ல் அது 15 ஆனது. 18 ஆனது 1978-ல்தான். காமராஜர் காலத்து மதிய உணவு பள்ளிகளுக்கு வந்தபோது அப்பத்தா பள்ளியை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எழுத்து கூடவில்லை. எங்கே கையெழுத்து கேட்டாலும் மை தடவிய கட்டைவிரல்தான்.

ஆறு பிள்ளை பெற்று நாலைத் தக்கவைத்துக்கொண்டார்: இரண்டு ஆண், இரண்டு பெண். ‘என்ன வேலை பார்த்தீங்க?’ என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: “வீட்டுலதான் இருந்தேன்.”

ஊருணி, அம்மி, சாம்பல்

‘வீட்டில் இருந்தது’ எப்படி என்று நான் ஒருநாள் உட்கார்ந்து கேட்டேன். கரிச்சான் கத்தும்போது எழுந்து வாசல் தெளித்து, ஊருணிக்கு இரண்டு நடை தண்ணீருக்கு. வந்ததும் மாட்டுக்குக் கழனித்தண்ணி. அடுப்புக்குக் கருவேல முள் வெட்டி வந்தது போக, ஈர விறகை ஊதி ஊதி எரிக்க வேண்டும். தாத்தா வயலுக்குப் போனபின் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இவரும் போக வேண்டும். போனால் சும்மா திரும்ப முடியாது, களை எடுத்துவிட்டுத்தான் வருவார். ஆனால், அது ‘தாத்தாவின் விவசாயம்’.

மாசி, பங்குனி வந்தால் புளி. பழத்தை ஓடு உடைத்து, நார் உரித்து, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு மிதித்துப் பானையில் அடைக்க வேண்டும். ஒரு வருசத்துப் புளி. புளிப்பும் உப்பும் சேர்ந்து விரல் நுனி வெடிக்கும். வெடித்த விரலோடு அன்று இரவும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் விளக்கியாக வேண்டும். மறுநாள் அம்மியில் மிளகாய் அரைத்தால் கை எரிவு தாங்காமல் சாணிப் பாலில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையை, ஏதோ பக்கத்து வீட்டுக்காரிக்கு நடந்தது போலச் சொன்னார்.

கோவையில் வெட் கிரைண்டர் 1950-களிலேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர, 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்க வேண்டியிருந்தது. அதற்குள் அப்பத்தாவுக்கு எழுபது வயது. அதைப் பார்த்து அவர் கேட்டது ஒரே கேள்வி: “இவ்வளவு நாளா இது எங்கடா இருந்துச்சு?”

■ பெட்டி: ஓர் ஆயுளின் வேலைக் கணக்கு

• 2019-ல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்காகச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அந்த வேலையில் இறங்குகிறவர்களே பெண்களில் 81.2 சதவிகிதம், ஆண்களில் 26.1 சதவிகிதம்.

• 2024 கணக்கெடுப்பில் பெண்ணின் நேரம் 289 நிமிடம். பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்துவிட்டது.

• நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றே வைத்து, 18 வயதிலிருந்து 65 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,18,600 மணி நேரம். எட்டு மணி நேரப் பணிநாளாக்கினால் 14,800 நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லாத 40 வருட உத்தியோகம்.

சாமி கொடுத்த லீவு

அந்த உத்தியோகத்தில் அப்பத்தாவுக்குக் கிடைத்த லீவெல்லாம் சாமி கொடுத்தது.

“எங்க ஆத்தா வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரேன்னு கேட்டா, மாடு என்னாகும், அடுப்பு என்னாகும்னு உங்க தாத்தா ஆயிரம் கேப்பாரு. ‘நேந்துக்கிட்டேன்’னு சொன்னா வாயத் திறக்க மாட்டாரு.” தாத்தா யாருக்கும் பயந்தவர் இல்லை, சாமி குத்தத்துக்கு மட்டும் பயந்தவர். அந்த ஒரு பயத்தை வைத்து அப்பத்தா உலகம் பார்த்தார். தைப்பூசத்துக்குப் பழனி நடை. பங்குனியில் சமயபுரம். மூத்த மகளுக்கு மஞ்சள்காமாலை வந்து தெளிந்த வருசம், பக்கத்துத் தெரு அருளாயி அம்மாவோடு வேளாங்கண்ணிக்கும் ஒருமுறை. ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும் அந்தத் திருவிழாவுக்குக் காவி கட்டி நடந்து போகிறவர்கள் மாதாவை எல்லாச் சாமிக்கும் அக்காள் தங்கச்சியாகத்தான் நினைக்கிறார்கள்.

அவரிடம் எனக்குத் தெரிந்து இருந்த ஒரே சொந்தப் பணமும் சாமியுடையதுதான். மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்த காணிக்கைக் காசு. வீட்டில் எவ்வளவு முடை என்றாலும் அந்த முடிச்சை யாரும் தொட முடியாது.

ஆண்கள் எட்டிப் பார்க்க முடியாத ஓர் இரவும் உண்டு. செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு. நாஞ்சில் நாட்டில் அதுவே ஔவை நோன்பு. ‘மறந்தால் மாசி, தப்பினால் தை, அசந்தால் ஆடி’ என்பார்கள். செவ்வாய்க்கிழமை இரவு ஆண்கள் தூங்கிய பிறகு பெண்கள் ஒரு வீட்டில் கூடி உப்பில்லாத மாவில் கொழுக்கட்டை பிடித்து அவித்து, கதை சொல்லி, விடிவதற்குள் தின்று தீர்த்துவிடுவார்கள். ஆண் குழந்தைக்குக்கூட அங்கே இடமில்லை. “உள்ள என்னதான் பேசுவீங்க?” என்று கேட்டால் அப்பத்தா இன்றைக்கும் வெட்கப்பட்டுச் சிரிப்பாரே தவிர, சொல்ல மாட்டார்.

■ பெட்டி: அம்மனே பட்டினி கிடக்கும் ஊர்

திருச்சியை அடுத்த சமயபுரத்தில் மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மன் விரதம் இருக்கிறாள். பக்தர்கள் அம்மனுக்காக இருப்பதல்ல. பக்தர்களின் நலனுக்காக அம்மன் இருக்கும் ‘பச்சைப் பட்டினி விரதம்’. அந்த நாள்களில் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர், வெள்ளரிப்பிஞ்சு மட்டும்தான் நைவேத்தியம். அதே திருச்சியின் மலைக்கோட்டையில் இருப்பவர் தாயுமானவர். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத கர்ப்பிணிக்கு, சிவனே தாயாக வந்து பேறுகாலம் பார்த்தார் என்பது தலபுராணம். 2025 ஆகஸ்ட் 12-ல் 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே ரேஷன் பொருள் கொடுக்கத் தமிழக அரசு தொடங்கிய திட்டத்துக்கு வைத்த பெயரும் தாயுமானவர்தான்.

இதே பக்திக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. வெள்ளி, செவ்வாய், காரடையான் நோன்பு, வரலட்சுமி விரதம் என்று எந்தச் சாதி, எந்த ஊர் விரதத்தை எடுத்தாலும், பெரும்பாலும் கணவனுக்காக, பிள்ளைக்காக. பெண்டாட்டிக்காகக் கணவன் பட்டினி கிடக்கும் நோன்பு எதுவும் எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் இல்லை. 37 வருசம் தாத்தாவின் ஆயுளுக்காக விரதம் இருந்தவரை, 1994-ல் தாத்தா போனதும் எல்லோரும் சேர்ந்து ஓரமாக உட்கார வைத்தார்கள். அத்தையின் மகள் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்க அப்பத்தாவைக் கூப்பிடவில்லை. மண்டபத்துச் சமையற்கட்டில் சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரோடு மாவட்டத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விட மறுத்த வழக்கில், இதை இனியும் பொறுக்க முடியாது என்ற பொருளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கடுமையாகச் சொன்னது 2023 ஆகஸ்டில். கோயில் வாசலில் நிற்பவரைத் தடுத்தால் போலீஸ் வரும். மண்டபத்தில் ஆரத்தித் தட்டை நீட்டாமல் விட்டால் யார் வருவார்கள்?

விழுந்த ரேகைகள்

அப்பத்தாவின் கட்டைவிரல் எப்போதும் விழாத விரல் அல்ல. இரண்டு முறை மிக நன்றாக விழுந்திருக்கிறது.

முதல் முறை 1972. அவருடைய அப்பா இறந்து காரியம் முடிந்த கையோடு, தம்பிமார் இரண்டு பேரும் பழத்தட்டும் சுங்கடிச் சேலையும் கொண்டுவந்தார்கள். சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். ‘விடுதலைப் பத்திரம்’ என்று அதற்குப் பெயர். 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கு வரும் பங்கை விட்டுக் கொடுக்கிற பத்திரம். “எதுல வச்சேன்னு யார் கண்டா? தம்பி கேட்டான், வச்சேன். நாளைக்குப் பொறந்த வீடுன்னு போய் நிக்கணும்ல.”

பூர்விகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். மத்திய அரசின் திருத்தம் 2005-ல்தான் அந்தக் கோட்டை அழித்தது. அதற்குள் அப்பத்தாவின் பிறந்த வீட்டு வயல் இரண்டு கை மாறியிருந்தது.

இரண்டாவது முறை, தாத்தா இறந்த வருசம். கணவன் உயில் எழுதாமல் போனால் மனைவியும் பிள்ளைகளோடு முதல் வரிசை வாரிசு. சரிசமமாக ஒரு பங்கு உண்டு. ஆனால் பாகப்பிரிவினையில் வீடு பெரியப்பாவுக்கு, வயலில் சரிபாதி என் அப்பாவுக்கு என்றாயிற்று. அத்தைகளும் அப்பத்தாவும் விரல் வைத்தார்கள். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்பது பத்திரத்தில் ஏறவில்லை. வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டார்கள்.

கொடுக்கும்போதெல்லாம் விழுந்த ரேகை அது.

■ பெட்டி: கோர்ட்டில் இல்லத்தரசி

• 2001: ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் (லதா வாத்வா), இல்லத்தரசியின் பணியை ஆண்டுக்கு 36,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் மதிப்பிட்டது. வயது முதிர்ந்த பெண்களுக்கு 20,000.

• 2010: அருண்குமார் அகர்வால் வழக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்களை, பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகளோடு சேர்த்து ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில் வைத்ததை உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

• 2021: கீர்த்தி வழக்கு. 2011 கணக்கெடுப்பில் வீட்டு வேலையே முதன்மைப் பணி என்று சொன்ன பெண்கள் 15.98 கோடி, ஆண்கள் 57.9 லட்சம் என்பதை எடுத்துக்காட்டி, அந்த உழைப்புக்கு வருமான மதிப்பு உண்டு என்றது.

• 2023 ஜூன் 21: கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், குடும்பத்தைக் கட்டிக்காத்த மனைவிக்கும் சரிபாதி உண்டு என்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். மனைவியின் இந்தப் பங்களிப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் இல்லை. அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது தீர்ப்பின் அடிப்படை.

“எனக்குப் பாக்கி எவ்வளவு வருது?”

2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், முதல் கட்டத்தில் 1.06 கோடிப் பெண்களுக்கு. உதவித்தொகை என்று சொல்லாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்ததுதான் அதில் பெரிய மாற்றம். எங்கள் பெரியம்மாவின் செல்போனில் பணம் வந்த மெசேஜ் ஒலித்த அன்று அப்பத்தா கேட்டார்:

“எதுக்காம் இந்தக் காசு?”

“வீட்டு வேலை பாக்குறதுக்குத்தான் அத்தை.”

“அப்ப எனக்குப் பாக்கி எவ்வளவு வருது?”

எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி மட்டும் அப்படியே நின்றது. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு குடும்பத் தலைவிதான். போதாததற்கு, முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கு இது கிடையாது. அப்பத்தா அதை வாங்குகிறார். 1962-ல் 20 ரூபாயில் தொடங்கிய அந்த உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. அதில் மாத்திரைக்குப் போக மிச்சம், கொள்ளுப்பேரன்களின் பொரிகடலைக்கு.

கணக்குப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்று நாம் சந்தோஷப்படலாம். பெரியம்மாவின் தலைமுறைக்கு அது பயன்படும், நர்ஸிங் படிக்கிறவளுக்கு இன்னும் அதிகமாகப் பயன்படும். ஆனால் கணக்கு, ஆரம்பித்த தேதியிலிருந்துதான் ஓடுகிறது. முன்தேதியிட்டு யாரும் பாக்கி கொடுப்பதில்லை.

31-ஆம் தேதி யார் வீடு?

இதை எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. என் அப்பாவும் இதில் இருக்கிறார்.

வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டது இதுதான்: மாதத்தில் முதல் 15 நாள் பெரியவர் வீட்டில் சாப்பாடு, பின் 15 நாள் சின்னவர் வீட்டில். கிராமத்தில் இதற்கு ‘முறை’ என்று பெயர். கோயில் திருவிழாவுக்கு மண்டகப்படி முறை இருப்பது போல, பெற்றவளுக்குச் சோற்று முறை. இரண்டு வீடும் ஒரே தெருவில், நாலு வாசல் தள்ளி. தட்டும் டம்ளரும் தலையணையும் ஒரு வயர் கூடையில் மாதம் இரண்டு முறை இடம் மாறும். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. கறி எடுத்தால் அப்பத்தாவுக்கு மென்மையான துண்டாகப் பார்த்து வைப்பார்கள்.

நான் லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் கவனித்த ஒன்று உண்டு. அப்பத்தா திடீர் திடீரென்று விரதம் இருப்பார். “இன்னிக்கு என்ன அப்பத்தா, கிருத்திகையா?” என்றால், “ஆமாய்யா, ஒரு வேண்டுதல்” என்பார். ஒரு மோர் டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் கிருத்திகையும் இருக்காது, சஷ்டியும் இருக்காது. வருடக்கணக்காக எனக்கு இது பிடிபடவில்லை. போன ஆண்டுதான், சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தபடி தற்செயலாக நினைவைக் கோத்துப் பார்த்தேன்.

எல்லாமே 31-ஆம் தேதிகள்.

பதினைந்தும் பதினைந்தும் முப்பது. வருடத்தில் ஏழு மாதங்களுக்கு ஒரு நாள் கூடுதல். அந்த நாள் எந்த வீட்டு முறை என்று எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வீடும் ‘இங்க வாத்தா’ என்றுதான் சொல்லியிருக்கும். ஆனால் கேட்டு வாங்கிச் சாப்பிடும் இடத்தில் அவர் தன்னை நிறுத்திக்கொள்ளவில்லை. விரதம் என்று சொல்லிவிட்டால் எதிர்க்கேள்வி கிடையாது என்பது 1957-லிருந்தே அவருக்குத் தெரியும்.

சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை, மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிட முடியும். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் திரும்பப் பெற அதன் 23-ஆவது பிரிவு வழிசெய்கிறது. ஆனால் அந்தப் பிரிவு, சட்டம் வந்த பிறகு எழுதியவற்றுக்குத்தான். 1994-ல் வைத்த விரலுக்கு எட்டாது. எட்டினாலும் அப்பத்தா போவாரா? இதைச் சொல்லிப் பார்த்தபோது அவர் கோபப்பட்டது மனுவைப் பற்றி அல்ல. “31-ஆம் தேதி கதையை உங்கப்பன்ட்ட சொல்லித் தொலைச்சிராத. மனசு கஷ்டப்படுவான்.”

சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அடுத்து வந்த 31-ஆம் தேதி காலையில் இரண்டு வீட்டிலிருந்தும் இட்லித் தட்டு வந்தது. ஒருத்தர் வயிற்றுக்கு இரண்டு தட்டு எதற்கு என்று அப்பத்தா திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டில் 13.6 சதவிகிதம், 2031-ல் 18.2 சதவிகிதமாவார்கள் என்பது கணிப்பு. அதில் பாதிக்கு மேல் பெண்கள். அதிலும் பலர் கையில் பத்திரம் இல்லாதவர்கள், காலண்டரைப் பார்த்துப் பசியைத் தீர்மானிக்கிறவர்கள். தீர்ப்பும் திட்டமும் நல்லவைதான். அதற்கு முன்னால், அடுத்த முறை வீட்டில் ஒரு பாகப்பிரிவினை எழுதும்போது, ‘அம்மாவுக்கு’ என்று ஒரு வரி ஏற வேண்டும். அதை எழுத எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567-ஐயும் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

கண்ணைத் திற அப்பத்தா

ரேஷன் கடைக்கு மறுபடியும் போனோம். கருவிழியைப் பதியும் கருவி வந்திருந்தது. “கண்ண நல்லாத் திறங்க அப்பத்தா” என்றார் சேல்ஸ்மேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண். நீர் வடிந்தது; மூன்றாவது முறை பச்சை விளக்கு எரிந்தது. “வந்துருச்சு! பேரு நிக்கும், போங்க.”

திரும்பி வரும் வழியில் அப்பத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் துணித் துண்டில் ஒரு ரூபாய்க் காசு.

“இது எதுக்கு?”

“ரேகை விழணும்னு சமயபுரத்தாளுக்கு முடிஞ்சு வச்சேன். அடுத்த தடவ போகயில உண்டியல்ல போட்டுரு.”

“ரேகை விழலயே அப்பத்தா. கண்ணுதான விழுந்துச்சு?”

“எதுவோ ஒண்ணு” என்றார். “நான் இருக்கேன்னு அந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சிருச்சுல்ல.”